மூன்று வாரம் கழித்து ஒரு காய்ச்சல்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், 1980களின் முற்பகுதியில், டேவிட் கூப்பர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சிலரின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். எய்ட்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வைரஸைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் எச்.ஐ.வி. என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர் அதற்கு இன்னும் அமையவில்லை. அந்த ஆண்களில் பன்னிரண்டு பேரின் ரத்தத்தில், முன்பு இல்லாத எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றியது. ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

அந்த இடைவெளியில் உடம்புக்கு ஏதாவது வந்ததா? பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு வந்திருந்தது. திடீரென்று காய்ச்சல், வியர்வை, அடித்துப் போட்டாற்போல் அசதி, மூட்டு வலி, தசை வலி, தலைவலி, தொண்டை வலி, பசியின்மை, வயிற்றுப்போக்கு, கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டு, மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள். மூன்று நாளில் சிலருக்கு விட்டது, சிலருக்குப் பதினான்கு நாள் இழுத்தது. பிறகு எல்லோரும் தேறிவிட்டார்கள். 1985-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை அவர்கள் எழுதினார்கள். பல ஆண்டுகள் மறைந்திருந்து கடைசியில் மட்டும் முகம் காட்டும் நோய் என்று கருதப்பட்ட ஒன்று, உடம்புக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத்தான் அமைதியாகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் குரலை அடையாளம் காண முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அறிகுறிகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவது எளிது. ஆனால் பட்டியலை மட்டும் நம்பியவர்கள் இரண்டு வகையிலும் ஏமாந்திருக்கிறார்கள். தொற்று உள்ளவர் இல்லை என்று நம்பியிருக்கிறார், இல்லாதவர் இருக்கிறது என்று நம்பி உருகியிருக்கிறார். ஏன் அப்படி ஆகிறது என்று புரிய, முதல் ஒரு மாதத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

உடலுறவின் வழியாகத் தொற்றும்போது வைரஸ் முதலில் சந்திப்பது பிறப்புறுப்பு அல்லது ஆசனவாயின் உட்சவ்வை. அந்தத் தடையைத் தாண்டுவது அதற்கு அத்தனை சுலபமில்லை. உள்ளே போகும் எண்ணற்ற துகள்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸிலிருந்துதான் முழுத் தொற்றும் கிளைக்கிறது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. சவ்வின் அடியில் இருக்கும் சி.டி.4 அணுக்களை அது பிடிக்கிறது. நோயெதிர்ப்புப் படைக்கே உத்தரவு கொடுக்கும் வெள்ளணுக்கள் அவை. அங்கிருந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. முதல் பத்து நாள், ஏறத்தாழ, எந்தப் பரிசோதனைக்கும் அது அகப்படாது. காய்ச்சல் கிடையாது, ரத்தத்தில் தடயம் கிடையாது. அந்த மனிதர் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

அதன் பிறகு வைரஸ் ரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள்ளாகவே இரட்டிப்பாகும் வேகம். ரத்தத்தில் முதன்முதலாகத் தென்பட்ட நாளிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அப்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்து லட்சம் நகல்களுக்கு மேல் இருப்பது சாதாரணம். இந்த வேகத்தைக் கண்டு உடம்பு அலறுகிறது. இன்டர்ஃபெரான் முதலிய வேதித் தூதுவர்கள் வெள்ளமாகச் சுரக்கின்றன. காய்ச்சலும் உடம்பு வலியும் அசதியும் பெரும்பாலும் இவற்றின் வேலைதான். வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களில் பல்கிப் பெருகுவதால் அவை வீங்குகின்றன. நம் வீடுகளில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று தடவிப் பார்ப்பது அந்தக் கணுக்களைத்தான்.

இதே நாட்களில், வெளியே எதுவும் தெரியாமல், குடலில் ஒரு பேரழிவு நடக்கிறது. நம் உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி இருப்பது ரத்தத்தில் அல்ல, குடற்சுவரில். அங்குள்ள அனுபவம் வாய்ந்த சி.டி.4 அணுக்களில் மிகப் பெரும் பங்கை முதல் சில வாரங்களிலேயே வைரஸ் அழித்துவிடுகிறது. 2004-ல் வெளியான ஆய்வுகள் மனிதக் குடலில் இதைக் காட்டியபோது, மெல்ல மெல்ல அரிக்கும் நோய் என்ற பழைய சித்திரமே மாறிப்போனது. சிலருக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தவிர இந்த இழப்புக்கு வெளியடையாளம் ஒன்றும் இல்லை.

உச்சத்துக்குப் போன வைரஸ், உடம்பின் எதிர்ப்பு வலுத்ததும் சரசரவென்று இறங்குகிறது. முதலில் தென்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஒரு மட்டத்தில் நிலைகொள்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து வாங்கிச் சாப்பிட்டவர் மருந்தால் குணமாயிற்று என்று நினைக்கிறார்.

*

அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அவை தலைகாட்டுகின்றன. அதிகம் காணப்படுவது காய்ச்சல். அதோடு தொண்டை வலி. இந்தத் தொண்டை வலியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஜலதோஷத்தில் வருவதுபோல் மூக்கு ஒழுகுவதும் தும்மலும் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. மூக்கு ஒழுகி, தும்மி, இருமி, இரண்டு நாளில் எழுந்துவிட்டால் வேறு ஏதோ வைரஸ் என்று நினைக்கவே இடம் அதிகம்.

தடிப்பு அடுத்தது. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து மார்பு, முதுகு, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் சிறிய தட்டையான அல்லது லேசாக மேலெழும்பிய புள்ளிகள். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. மருத்துவப் பாடநூல்களில் இதன் படங்களைப் பார்த்தால் இளஞ்சிவப்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. சற்றே கருத்த புள்ளிகளாக, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் நிறமாற்றமாக இருக்கலாம். சட்டையைக் கழற்றச் சொல்லாமல் நாடி பார்த்து அனுப்பும் மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது. இது சின்ன விஷயம் இல்லை என்று நான் கருதுகிறேன். ஒரு நோயின் அடையாளத்தை வேறொரு தோலின் படத்தில் மட்டுமே படித்துப் பழகிய கண், தன் எதிரில் இருக்கும் தோலில் அதைத் தவறவிடும்.

வாய்க்குள் வலிக்கும் புண்கள், சிலருக்குப் பிறப்புறுப்பிலும் புண்கள் வருவதுண்டு. காய்ச்சலும் தடிப்பும் இருக்கும்போது இந்தப் புண்களும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும், மற்ற காய்ச்சல்களில் இந்தக் கூட்டணி அரிது. இரவில் படுக்கை நனையும் வியர்வை, சில கிலோ எடைக் குறைவு, கழுத்து விறைத்துத் தலை வெடிக்கும் வலி என்று வேறு சிலவும் உண்டு. மூளையைச் சுற்றிய உறையில் வைரஸ் ஏற்படுத்தும் அழற்சிதான் அந்தத் தலைவலிக்குக் காரணம். ரத்தப் பரிசோதனை செய்தால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கலாம்.

தட்டணுக்கள் என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் ஒரே ஒரு நோய்தான் நினைவுக்கு வரும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் காய்ச்சல் வரிசையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், தலைவலி, மூட்டு வலி, தடிப்பு, பிளேட்லெட் குறைவு: டெங்குவா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் சிக்குன்குனியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல். அதுவும் இல்லையென்றால் ‘வைரல் ஃபீவர்’ என்று சீட்டில் எழுதி, பாராசிட்டமால் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் ‘வைரல் ஃபீவர்’ என்று எழுதும்போது எந்த வைரஸ் என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. உகாண்டாவில் மலேரியா என்று சந்தேகித்துப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட ஏறக்குறைய மூவாயிரம் பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இருந்தது எச்.ஐ.வி.யின் புத்தம் புதிய தொற்று, சாதாரண எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரியாத கட்டம். எச்.ஐ.வி. மிகப் பரவலாக உள்ள நாடு அது. இந்தியாவில் வயது வந்தோரில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான் தொற்று உள்ளது, ஆகவே அந்த விகிதத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், வேறொரு காய்ச்சலின் பெயரில் ஒளிந்துகொள்ள இந்தத் தொற்றுக்குத் தெரியும் என்பதை அந்த ஆய்வு நேரடியாகக் காட்டியது.

டெங்குவிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் சில நுணுக்கங்கள் உண்டு. டெங்குக் காய்ச்சல் வழக்கமாக ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், இது இரண்டு வாரம்கூட நீடிக்கலாம். நெறிக்கட்டு இதில் பரவலாக இருக்கும், வாய்ப்புண் வரும், தொண்டை வலி தூக்கலாக இருக்கும். ஆயினும் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் அளவுக்கு உறுதியான வேறுபாடு ஒன்றும் கிடையாது. அனுபவமுள்ள மருத்துவர்கள் காய்ச்சலை மட்டும் விசாரிப்பதில்லை. காய்ச்சலுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களை விசாரிக்கிறார்கள். ஆணுறை இல்லாத புதிய உறவு ஏதாவது இருந்ததா, ஊசியைப் பகிர்ந்துகொண்டதுண்டா என்ற கேள்வியை, மனைவியையும் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் எந்தத் தடிப்பைவிடவும் பெரிய அறிகுறி.

*

சிட்னியில் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்றால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் காய்ச்சல் வரும் என்றுதானே தோன்றும்? பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் 40 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை வெவ்வேறு கணக்குகளைச் சொன்னன. இத்தனை அகலமான இடைவெளிக்குக் காரணம் உண்டு: காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எண்ணினால் ஒரு கணக்கு, எதுவுமே வராதவர்களையும் தேடிப் பிடித்து எண்ணினால் இன்னொரு கணக்கு.

அப்படித் தேடிப் பிடித்த ஆய்வு ஒன்று 2016-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில், தொற்று அபாயம் அதிகமுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, தொற்று வருவதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை விரல் நுனியில் குத்திச் சில துளி ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் ரத்தத்தில் தென்பட்ட உடனேயே ஆளைப் பிடித்து, உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். இத்தனை பொறுமையாக அதற்கு முன் யாரும் செய்ததில்லை. இப்படி உடனுக்குடன் கண்டறியப்பட்ட ஐம்பது பேரை நெருக்கமாகக் கவனித்தபோது கிடைத்த விடை வியப்பாக இருந்தது. அறிகுறிகள் மிகச் சிலவே. சராசரி ஆளிடம் இரண்டு அடையாளங்கள் மட்டுமே பதிவாயின. அவையும் வைரஸ் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முந்தைய சில நாட்களில் வந்து மறைந்தன. ஒரு மில்லிலிட்டரில் பல லட்சம் நகல்கள் ஓடிக்கொண்டிருந்தபோதும் உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

ஆக, காய்ச்சல் வராததால் தொற்று இல்லை என்று சொல்ல வழியே இல்லை. இதன் மறுபக்கமும் அதே அளவு உண்மை. ஓர் இரவின் தவறை நினைத்துப் பயந்துபோய், கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பவர்கள், கழுத்தை நாளுக்குப் பத்து முறை அழுத்திப் பார்ப்பவர்கள் பலர். பயத்துக்கே வியர்வை உண்டு, வயிற்றுப்போக்கு உண்டு, தூக்கமின்மையும் அசதியும் உண்டு. ஆரோக்கியமானவர் கழுத்திலும் அழுத்திப் பார்த்தால் சின்னக் கணு ஒன்று கைக்கு அகப்படும். இவர்களிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கள்’ என்று சொல்வதால் பயன் இல்லை. அறிகுறியை எண்ணிக்கொண்டிருக்கும் அவர்கள் எண்ண வேண்டியது நாட்களை.

நாட்கணக்கின் முதல் மைல்கல் அறிகுறிகள் தோன்றுவதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. ஆபத்தான தொடர்பு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்று நிலைகொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நோயாளியின் ஊசி கையில் குத்திய செவிலியருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் கொடுக்கப்படுவது இதுதான். ஆணுறை கிழிந்துபோனவருக்கும் இது பொருந்தும். முதல் காய்ச்சல் வருவதோ இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. ‘ஏதாவது அறிகுறி தெரிகிறதா பார்ப்போம்’ என்று காத்திருப்பவர், தடுக்க முடிந்த அந்த மூன்று நாளைக் காத்திருப்பிலேயே இழந்துவிடுகிறார்.

அடுத்தது பரிசோதனை நாட்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.வையே நேராகத் தேடும் பரிசோதனை, தொற்றிய 10 நாளிலிருந்து 33 நாளுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடும். செலவு அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. வைரஸின் பி24 என்ற புரதத்தையும் உடம்பின் எதிர்ப்பொருளையும் ஒருசேரத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்தால் 18 முதல் 45 நாளில் தெரியும். விரலில் குத்திச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். காய்ச்சலோடு ஒருவர் வந்து நிற்கும் அந்த வாரத்தில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வைரஸ் உச்சத்தில் இருக்கும், பரிசோதனைச் சீட்டில் ‘இல்லை’ என்று வரும். அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் மனிதர்தான், இந்த நோயின் முழு வரலாற்றிலும் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு மிக அதிகமாக உள்ள கட்டத்தில் இருப்பவர்.

அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இப்போதைய ‘இல்லை’ முடிவல்ல, முடிந்தால் ஆர்.என்.ஏ. அல்லது நான்காம் தலைமுறைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், எப்படியானாலும் மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி வாருங்கள், அதுவரை ஆணுறை தவறக்கூடாது, ரத்த தானம் கூடாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாமல் விடப்பட்டதன் விலையை வேறொருவர் கொடுத்திருக்கிறார், பெரும்பாலும் ஒரு மனைவி.

*

காய்ச்சல் தணிந்தபின் நீண்ட மௌனம். சிகிச்சை இல்லையென்றால் எய்ட்ஸ் கட்டத்தை எட்டச் சராசரியாக எட்டு, பத்து ஆண்டுகள். ஆரோக்கியமானவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும் சி.டி.4 அணுக்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 200-க்குக் கீழே போகும்வரை பலருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் இருக்காது.

‘எச்.ஐ.வி.யின் அறிகுறி என்ன?’ என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் எலும்பும் தோலுமாக மெலிந்த உருவத்தைத்தான் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் பாங்கி நகரில் 1985 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில், பரிசோதனை வசதி இல்லாத இடங்களில் எய்ட்ஸை இனங்காண வகுத்த அளவுகோலில் இருந்தவையும் அவைதான்: பத்து சதவீதத்துக்கு மேல் எடைக் குறைவு, ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல். அன்றைய தேவைக்கு அது சரி. ஆனால் அது முடிவுக் கட்டத்தின் சித்திரம். அந்தச் சித்திரம் மனதில் பதிந்துபோனவர்கள், எதிரில் நிற்பவர் ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று நம்பி ஆணுறையைத் தவிர்த்தார்கள்.

முதல் காய்ச்சலுக்கும் கடைசி மெலிவுக்கும் நடுவில் உடம்பு சில தடயங்களைக் காட்டும், அவற்றைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம். இளம் வயதில் வரும் அக்கி அவற்றில் ஒன்று. சின்னம்மை வந்துபோன உடம்பில் நரம்புக்குள் பதுங்கியிருக்கும் வைரஸ், எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி எழுந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் போடும். வழக்கமாக முதியவர்களுக்கு வருவது. முப்பது வயதுக்காரர் ஒருவர் மார்பில் அக்கியோடு வந்தால், நம் கிராமங்களில் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கொப்புளம் எப்படியும் சில வாரங்களில் ஆறிவிடும், எழுதியதால் ஆறியது என்றே நம்புவார்கள். எழுதிக்கொள்ளட்டும், அதற்காக யாரையும் ஏசத் தேவையில்லை. ஆனால் இந்த வயதில் அக்கி ஏன் வந்தது என்ற கேள்வியோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.

வழித்தால் உரிந்து வரும் வெண்படலம் நாக்கிலும் அண்ணத்திலும் படிவது இன்னொன்று. கைக்குழந்தைக்கோ, நீரிழிவுக்காரருக்கோ, ஆஸ்துமா மருந்தை உறிஞ்சுபவருக்கோ அது வரலாம். அப்படிக் காரணம் எதுவும் இல்லாத நடுவயதுக்காரருக்கு வந்தால் யோசிக்க வேண்டும். கை கால்களில் கொசு கடித்தாற்போல் எழும்பி, சொறிந்து சொறிந்து கருந்தழும்பாகும் பருக்கள் மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதும், படர்தாமரை திரும்பத் திரும்ப வருவதும் அதே வகை. எல்லாவற்றையும்விட முக்கியம் காசநோய். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் குடித்ததும் அதுதான். தாம்பரத்தில் நெஞ்சக நோய்களுக்காக இருந்த அரசு மருத்துவமனை 1990களில் நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக மாறியது தற்செயல் அல்ல, இருமலோடு வந்தவர்களின் பின்னாலேயே இந்தத் தொற்றும் வந்தது. காசநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை என்பது இன்று நடைமுறை.

இந்தியாவில் இந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கதையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அறிகுறியைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தது அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸுக்கான ரத்த ஆய்வை ஆராய்ச்சித் தலைப்பாக எடுக்கச் சொன்னார். அது மேலைநாட்டு நோய், நம் நாட்டுக்கு வராது என்று பத்திரிகைகளும் அதிகாரிகளும் பேசிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய், காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களிடமும் ரத்தம் சேகரித்தார். மாதிரிகளைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததால் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். 1986 தொடக்கத்தில் எண்பது மாதிரிகளோடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனைத் தட்டில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. நாட்டின் எந்த மருத்துவமனையும் ஒரு நோயாளியைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. நோயாளி என்று யாரும் கருதாதவர்களின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பெண்களுக்குத் தோன்றியதால் தெரியவந்தது. எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் அன்று சொல்லப்படவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, தகவலறிந்த சம்மதம் பெறாமல் இன்று யாரிடமும் அந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது, முடிவை மற்றவரிடம் சொல்லவும் கூடாது.

*

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் விடை சொல்லியிருக்கின்றன. 35 நாடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2015-ல் முடிவு வெளியான ஆய்வில், சி.டி.4 குறையும்வரை காத்திருந்தவர்களைவிட உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோய்களும் மரணமும் பாதிக்கும் கீழே குறைந்தன. அதற்கு முன்பே, 2011-ல், 1,763 ஜோடிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு, சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைவதாகக் காட்டியது. அந்த ஜோடிகளில் சென்னையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் அதன் ஆய்வு மையங்களில் ஒன்று.

இந்தியாவில் 2017 முதல், தொற்று உறுதியானால் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை தொடங்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். ஒரே பரிசோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் ஒத்துப்போன பிறகே தொற்று இருப்பதாகச் சொல்கிறார்கள். யாரிடமும் முகம் காட்டாமல் முதலில் விவரம் மட்டும் கேட்க விரும்புபவர்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. மருந்து, பெரும்பாலோருக்கு, டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, வாழ்நாள் முழுவதும். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோரின் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும், முதல் நாட்களிலேயே சிகிச்சை தொடங்கியவர்களுக்கும் அப்படித்தான்.

புதிதாகத் தொற்று உறுதியான ஒருவரிடம் மையத்தின் ஆலோசகர் கடைசியாகக் கேட்பது அவருடைய துணைவரைப் பற்றி. பலருக்கு அது மருந்தைவிடக் கசப்பான கேள்வி. தொற்றி சில வாரங்களே ஆகியிருந்தால் துணைவருக்கு இன்னும் வராமலே இருக்கலாம். கடந்த 72 மணி நேரத்துக்குள் இருவருக்கும் தொடர்பு ஏற்பட்டிருந்தால் தடுப்பு மருந்தை அன்றே தொடங்கலாம். அதனால் அவரையும் அழைத்து வாருங்கள் என்று ஆலோசகர் சொல்லும்போது, முடிந்தால் இன்றைக்கே என்று சேர்த்துச் சொல்வார்.